மூன்று பேர் போட்ட கையெழுத்து

எனக்கு மாதவிலக்கு எந்தத் தேதியில் வரும் என்பது, திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த சந்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மாதான் சொல்லி வைத்திருந்தாள். குழாயடியில் குடத்தை இறக்கும்போதே, பாப்பாவுக்கு இன்றைக்குத் தூரம், அதான் லேட்டு என்று ஆரம்பிப்பாள். வீட்டுக்குள் வந்து அண்ணனிடமும் சொல்லுவாள். அண்ணன் இட்லியைப் பிட்டுக்கொண்டே தலையாட்டுவான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. என் உடம்பில் நடப்பதைத் தெரிந்துகொண்டு ஒருவன் சட்னி கேட்பதைத் தினம் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குமே சோறு இறங்காது. இதை எழுதும்போது இப்போதும் வாய் கசக்கிறது.

அம்மாவின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவள் ஆவி என்னைத் தூங்க விடாது. பெரியவளான புதிதில் நான் ரொம்பப் படுத்தியிருக்கிறேன். ஈரத்துணி தோலில் பட்டால் எனக்கு ஆகாது. கத்துவேன், துணியைப் பிய்த்து எறிவேன். அம்மா ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் எல்லாவற்றையும் எடுத்து அலசிப் போட்டாள். அதெல்லாம் பதின்மூன்று வயதில். அதற்கப்புறம் இன்னொரு பதின்மூன்று வருஷம் ஓடியும், நானே துவைத்துக் காயப்போட்ட துணியைக் கொடியிலிருந்து உருவி மோந்து பார்த்தாள். சரியாகத் துவைத்தேனா என்று பார்க்கிறாளாம். தூ.

எனக்கு இருப்பது ஆட்டிசம் என்று ஒரு டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னபோது நாற்பது நெருங்கிவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பெயர்கள்: லூசு, மெண்டல், அரை. அம்மா மட்டும் “கொயந்த” என்பாள். என்னைப் பற்றி அடுத்தவர்களிடம் பேசும்போது “அது” என்பாள். அது துன்னுச்சு, அது தூங்குது, அதுக்கு இன்னா தெரியும். லூசு என்று சொன்னால் திருப்பித் திட்டலாம். கொழந்தை என்று கன்னத்தை வழிக்கிறவளை என்ன செய்வது?

ஊனமுற்றோர் என்று எனக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கி, அதை வைத்து என் பெயரில் ஒரு எஸ்.டி.டி. பூத் எடுத்தார்கள். பேர்தான் என்னுடையது, முதலாளி அண்ணன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், கண்ணாடி வைத்த சின்னப் பெட்டிக்கடை. காலையில் அண்ணன் சைக்கிளில் கொண்டுபோய் இறக்குவான், மதியம் அம்மா தூக்குச் சட்டியில் சோறு கொண்டு வருவாள், சாயங்காலம் மறுபடி சைக்கிள். ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வருகிறவர்கள் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கத்துவார்கள், எனக்குக் கொஞ்சமாகத்தான் கேட்கும். நம்பர்கள் எனக்கு மறக்காது. ஒரு முறை போட்ட நம்பர் மனதில் உட்கார்ந்துவிடும்.

அப்படித்தான் அவன் பழக்கமானான். அவர் என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அவனாகவே இருக்கட்டும். பக்கத்துக் குப்பத்துக்காரன். மீன்பிடி லாஞ்சில் வேலை செய்தபோது கயிறு சுற்றும் விஞ்ச்சில் மாட்டி, வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. வெள்ளிக்கிழமைதோறும் காக்கிநாடாவில் இருந்த அவனுடைய அக்காவுக்குப் போன் போட வருவான். மூன்றாவது வாரத்திலிருந்து அவன் நம்பர் சொல்லவே இல்லை. வந்து நிற்பான், நான் போட்டுக் கொடுப்பேன். சிரிக்க மாட்டான். என் முகத்தைப் பார்த்துப் பேசு என்று அதட்ட மாட்டான். அந்த ஊரில் அப்படி ஒரு ஆம்பளையை நான் பார்த்ததில்லை.

பேசி முடித்த பிறகும் வெளியே நின்றுகொண்டிருப்பான். ஒருநாள் நானே கேட்டேன், எதற்கு நிற்கிறாய் என்று. உன்னைப் பார்க்கத்தான் என்றான். எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது. அப்புறம் மதியம் அம்மா வந்துபோன பிறகு பூத்தைப் பூட்டிவிட்டு, கடலுக்குத் தடுப்பாகக் கொட்டியிருந்த பாறாங்கல்லில் போய் இருவரும் உட்கார ஆரம்பித்தோம். கடலைப் பார்த்து உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. காற்று திரும்பினால் எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனி வாடை மூக்கில் ஏறும். லேசாகத் தொட்டால் எனக்கு உடம்பெல்லாம் கூசும், தொடுவதென்றால் அழுத்திப் பிடி என்று சொன்னேன். மூன்று விரல் கையால் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

இரண்டு மாதத்தில் மாட்டிக்கொண்டோம். அண்ணன் பூத் சாவியைப் பிடுங்கினான். அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். கட்டிக்கொள்வதென்றால் அவனைத்தான் என்று நான் சொன்னேன். எத்தனை தரம் கேட்டாலும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன், எனக்கு வேறு வாக்கியம் தேவைப்படவில்லை. பத்து நாளில் அம்மா இறங்கி வந்தாள். இவனை விட்டால் இதை வேறு யார் கட்டுவான் என்று அண்ணனிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. நானும் அதே ரூமில்தானே உட்கார்ந்திருந்தேன்.

அவன் வீட்டில் அண்ணன் தம்பி சேர்ந்து புதிதாக ஒரு பைபர் படகு, அவர்கள் பேச்சில் போட்டு, வாங்கியிருந்தார்கள். அதைக் கடலில் இறக்குகிற அன்றைக்கு எங்களை வரச் சொன்னார்கள். பெண்ணை நாலு பேர் பார்த்த மாதிரியும் ஆகும் என்று அவன் அம்மாவுக்கு நினைப்பு. பார்த்தால் அது எனக்கு இரண்டாம் நாள். குப்பத்தில் தூரமான பொம்பளை போட்டையும் வலையையும் தொடக் கூடாது, கிட்டக்கூடப் போகக் கூடாது. இது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். வேறொரு நாள் வருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சம்பந்தம் நழுவிவிடுமோ என்று பயம். குழாயடியில் மாதாமாதம் தண்டோரா போட்டவள், வாயைத் திறக்க வேண்டிய அந்த ஒரு நாளில் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக, போகிற வழியெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தாள். தள்ளி நில்லு, எதையும் தொடாதே, கேட்டால் கம்மென்று இரு.

தள்ளித்தான் நின்றேன். போட்டுக்கு மாலை போட்டு, கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்தார்கள். அவன் என்னிடம் வந்து, ஏறிக் குந்து, உனக்குக் காட்டத்தான் கூட்டி வந்தேன் என்று கையைப் பிடித்து இழுத்தான். அம்மா அந்தப் பக்கம் யாருக்கோ பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அவன் அம்மா என் பக்கத்தில் வந்து, “சுத்தமாத்தான கீற, கண்ணு?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்பது மட்டும்தான் பதிலாம். யாரும் பதில் தெரிந்துகொள்வதற்காக அதைக் கேட்பதில்லையாம். எனக்கு அப்போது தெரியாது. யாராவது ஒன்றைக் கேட்டால் உள்ளதைச் சொல்வேன், அது என் சுபாவம். கம்மென்று இரு என்று அம்மா சொன்னது ஞாபகம் இருந்தது, ஆனால் கேட்டவள் பெரியவள், பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்றும் அதே அம்மாதான் சொல்லி வளர்த்திருந்தாள்.

“இல்ல, இன்னிக்கு ரெண்டாம் நாள்,” என்றேன்.

சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது. மேளம் அடித்தவன் நிறுத்திவிட்டான். இரண்டு பொம்பளைகள் என்னை இடுப்பில் பிடித்து இறக்கினார்கள், இறக்கிய கையோடு கடல் தண்ணீரில் கை கழுவினார்கள். என் கண் எதிரிலேயே நான் உட்கார்ந்த பலகையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். இவர்கள் நாள் முழுக்க மீன் குடலை நோண்டுகிற கைகள். அந்தக் கைகளுக்கு நான் அசிங்கம். போட்டு அன்றைக்குக் கடலில் இறங்கவில்லை. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அத்தனை பேர் முன்னால் நெஞ்சில் கை வைத்து, தனக்குத் தெரியவே தெரியாது, கொழந்தை சொல்லவே இல்லை என்றாள். என் துணியை மோந்து பார்க்கிறவள்.

கல்யாணம் அதோடு நின்றிருக்கும். அவன் பிடிவாதமாக இருந்தான், அதற்காக அவனை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். ஒரு வாரம் கழித்து அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கு நேராகவே உட்கார்ந்து பேசினார்கள். இது மாசா மாசம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தால் எங்கள் வீட்டு ஆம்பளைகள் எப்படிக் கடலுக்குப் போவது, நாளைக்கு ஒரு குழந்தை பிறந்து அதுவும் இப்படியே இருந்தால் யார் தூக்கிச் சுமப்பது, எனக்கு ஏற்கெனவே இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கு, இதன் மூலமாக வேண்டாம் என்று கணக்காகப் பேசினாள். வழி சொன்னது அவள் இல்லை. என் அம்மா சொன்னாள்.

“கர்ப்பப்பைய எட்த்துட்டா தொல்ல வுட்டுச்சு. இந்த மாரி புள்ளைங்களுக்கு எடுக்குறாங்களாம். எனுக்கும் ரொம்ப நாளா அந்த ரோசனதான்.”

ரொம்ப நாளாக. அதாவது நான் பூத்தில் உட்கார்ந்து ஊர் ஊராக நம்பர் போட்டுக்கொண்டிருந்தபோதும், இவள் எனக்குச் சோறு கட்டிக் கொண்டு வந்தபோதும், தலையில் அது ஓடியிருக்கிறது. அவன் அம்மாவின் முகம் தெளிந்தது. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் கல்யாணம் என்று பேசி, காபி குடித்தார்கள். குடித்த டம்ளரை என்னிடம்தான் கழுவக் கொடுத்தார்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாப்பா, உன் வயிற்றில் சின்னதாக ஒரு கட்டி இருக்கு, அதை எடுத்துவிட்டால் வலியே வராது என்றாள். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் என் முன்னாலேயே பேசியதை நான் கேட்டிருக்க மாட்டேன் என்று அவள் நம்பினாள். நான் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கோபம் ஒரு அளவைத் தாண்டினால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அந்த முறை ஒன்பது நாள் நின்றது. பார்த்தாயா, ஒத்துக்கொண்டது, ஒரு வார்த்தை பேசவில்லை என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

பூத்துக்கு விடவில்லை, அதனால் அவனைப் பார்க்க முடியவில்லை. ஆபரேஷன் அன்றைக்கு அவனும் வருகிறான் என்றார்கள். அது ஒன்றுதான் எனக்குப் பிடிமானம். வந்தால் அவன் பேசுவான், எனக்கு வராத பேச்சை அவன் பேசுவான் என்று நம்பி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன்.

ராயபுரம் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோம். பினாயில் வாடையும், யாரோ வாந்தியெடுத்து அரைகுறையாகத் துடைத்த வாடையும். அவன் வாசலிலேயே நின்றிருந்தான், இஸ்திரி போட்ட சட்டை. டாக்டர் அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம், எனக்கு ஓரமாக ஒரு ஸ்டூல். டாக்டரும் பொம்பளைதான். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அம்மாவிடம்தான் கேட்டாள்: பேஷண்டுக்குச் சொன்னீர்களா? அதுக்கு ஒன்றும் புரியாதும்மா என்றாள் அம்மா. ஒரு நர்ஸ் பாரத்தை நீட்டினாள். அம்மா கோணல் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் போட்டான். கட்டிக்கப் போகிறவர் இவர்தானே, இவரும் ஒன்று போட்டுவிடட்டும், பின்னால் பிரச்சினை வரக்கூடாது என்றாள் டாக்டர்.

இப்போது பேசுவான் என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் முகத்தையும் பார்க்காத நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பேனாவை வாங்கினான். மூன்று விரலில் பேனாவைப் பிடித்து எழுத அவனுக்கு நேரமாகும். ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினான். நிறுத்துவதற்கு அவனுக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. முதல் எழுத்தில் நிறுத்தியிருக்கலாம், இரண்டாவதில் நிறுத்தியிருக்கலாம். முழுப் பெயரையும் எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தான்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஸ்டூலை விட்டு எழுந்தேன். வாந்திதான் வரப்போகிறது என்று நினைத்தேன், பேச்சு வந்தது.

“எனக்கு இருபத்தாறு வயசு. நான் ஒத்துக்கல.”

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டு அதையே மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் அப்போதும் என்னிடம் பேசவில்லை. ஒன்றும் புரியாது என்றீர்களே, நன்றாகத்தானே பேசுகிறாள் என்று அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டாள். பாரத்தைக் கிழித்துக் கூடையில் போட்டாள். நாளைக்கு இது கேஸ் கீஸ் என்று வந்தால் நான்தான் மாட்டிக்கொள்வேன், கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். என் மேல் இரக்கப்பட்டு ஒரு மண்ணும் இல்லை. அவளுக்கு அவள் பயம். அந்தப் பயத்தில்தான் நான் முழுசாக வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். நான் செத்தால் உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள், உன் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று அழுதாள். அது பொய் இல்லை. அவளுக்கு நிஜமாகவே அந்தப் பயம் இருந்தது. அவள் அழுவதைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, அவள் கை என் மேல் பட்டால் உதறித் தள்ளவும் தோன்றியது. ரெண்டும் ஒரே நேரத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடாது என்று யார் சொன்னது?

பூத்துக்கு வருகிற ஒருவர் துறைமுகத்துப் பக்கம், கப்பலில் வருகிற சரக்கை வெளியே எடுத்துத் தருகிற கிளியரிங் ஆபீஸ் வைத்திருந்தார். என் ஞாபகசக்தி அவருக்குத் தெரியும். அவர் நம்பரும் எனக்கு மனப்பாடம். பக்கத்துக் கடையிலிருந்து போன் போட்டு வேலை கேட்டேன், கண்டெய்னர் நம்பர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை கொடுத்தார். ராயபுரத்தில் மாடியில் ஒரு ரூம் கிடைத்தது. நான் ஒரு பையில் துணியை அடைத்தபோது அண்ணன் வாசலை மறித்து நின்றான். ஒத்துக்கல என்று மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன். நகர்ந்துவிட்டான். அந்த வாக்கியத்தின் பயன் அதற்குள் எனக்குப் பிடிபட்டிருந்தது.

அந்த ரூமைப் பற்றிப் பெருமையடிக்க ஒன்றுமில்லை. ஐந்து வீட்டுக்கு ஒரே கக்கூஸ், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வாளியைத்தான் முட்டுக் கொடுக்க வேண்டும். கரப்பான் ஓடும். சுவரில் யார் யாரோ துப்பியிருந்தார்கள். முதல் வாரம் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நானே ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். இருந்தாலும் வெளியே நின்றுகொண்டு “பாப்பா, ஆச்சா?” என்று கேட்க ஆளில்லை.

அவன் நான்கு மாதம் கழித்து வந்தான். ஞாயிற்றுக்கிழமை, வெயில் இறங்குகிற நேரம். கையில் கவரில் ஒரு வஞ்சிரம், படியெல்லாம் சொட்டியிருந்தது. உள்ளே கூப்பிடாமல் கதவருகில் நின்று பேசினேன். அந்தப் பேனாவைப் பிடித்த கையைப் பார்க்கவே எனக்கு ஆகவில்லை. ஆனால் அதே கை என் மணிக்கட்டைப் பிடிக்காதா என்றும் இருந்தது. அவனை எனக்கு இன்னமும் பிடித்துத்தான் இருந்தது. எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் அருவருப்பாக இருந்தது.

அவன் ஏதேதோ சொன்னான். அவன் அம்மா சமாதானமாகிவிட்டாளாம். தனியாக வீடு பார்த்துப் போய்விடலாமாம். அப்புறம் தயங்கித் தயங்கி, மனதில் வைத்திருந்ததைக் கேட்டான்.

“கொயந்த பெத்துக்கணும்னு அவ்ளோ ஆசையாமே உனுக்கு?”

“இல்ல. கொழந்தைங்க சத்தமே எனக்கு ஆகாது.”

அவனுக்குப் புரியவில்லை. கவரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

“அப்பால இன்னாத்துக்கு அன்னிக்கு அவ்ளோ கலாட்டா?”

“நீ என்னக் கேக்கல. கேக்காம கையெழுத்து போட்ட.”

கவரைப் படியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றான். கீழ் வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கால் வலித்தது, அவன் பதில் சொல்லும்வரை நானும் நின்றேன்.

“செரி. இப்போ கேக்குறன். உனுக்கு இன்னா வோணும், சொல்லு.”

நல்ல கேள்வி. பெற்றவள் கேட்டதில்லை, கூடப் பிறந்தவன் கேட்டதில்லை, சர்டிபிகேட் கொடுத்தவர்கள் கேட்டதில்லை. அதனால் அவசரப்படாமல் யோசித்தேன். அவன் கையைப் பார்த்தேன். வேண்டும் என்று தோன்றியதையும் யோசித்தேன், வேண்டாம் என்று தோன்றியதையும் யோசித்தேன். எனக்காகக் காத்திருப்பதில் மட்டும் அவன் எப்போதும் குறை வைத்ததில்லை.

“நீ போவணும்,” என்றேன்.

போனான்.